கப்பல் தபாலில் ஒரு பெண்ணின் நாள்கள்

1856ஆம் ஆண்டை நம் இராயபுரம் மறப்பதில்லை. அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வண்டி இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், இங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் மைல் வடக்கே, கல்கத்தாவின் இராம்பாகான் பகுதியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் தோரு தத். இருபத்தொரு வயதுக்குள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி, இந்திய இலக்கிய வரலாற்றில் இடம் பெற்றுவிட்ட பெண்.

அவருடைய கவிதைகளைப் பற்றிப் பல நூல்கள் வந்துள்ளன. நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைவது அவருடைய கடிதங்களை. பதினேழு வயதில் இங்கிலாந்தை விட்டுத் தாயகம் திரும்பிய தோரு, அங்கே விட்டு வந்த தோழி ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். தம் வீடு, தோட்டம், படிப்பு, வளர்ப்பு விலங்குகள், காய்ச்சல், துயரம் ஆகிய அனைத்தையும் அக்கடிதங்களில் பகிர்ந்துகொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்திய இளம்பெண் ஒருவரின் அன்றாட வாழ்வை அவருடைய சொற்களிலேயே அறிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கு மிக அரிதாகவே கிடைக்கிறது. தோருவின் கடிதங்கள் அத்தகைய அரிய வாய்ப்பு.

இரு கரைகளுக்கு நடுவே

தோருவின் தந்தை கோவின் சுந்தர் தத், கல்வியும் செல்வமும் நிறைந்த வங்காளக் குடும்பத்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். 1862இல் குடும்பத்தோடு ஆங்கிலிக்கன் சபையில் திருமுழுக்குப் பெற்றார். தாய் க்ஷேத்திரமணிக்கு அம்மாற்றம் தொடக்கத்தில் பெரும் வேதனையாக இருந்தது. நாளடைவில் அவரும் ஆழ்ந்த பற்றுள்ளவரானார். தாய்வழி உறவினர் பழைய சமயத்திலேயே நிலைத்திருந்தனர். ஆகவே உறவின் வாசல் முழுவதும் அடைபடவும் இல்லை. முன்போல் திறந்திருக்கவும் இல்லை. சமயம் மாறிய முதல் தலைமுறையினரின் தனிமை எத்தகையது என்பதைத் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று குழந்தைகளில் தோருவே இளையவர். அண்ணன் அப்ஜு 1865இல் இறந்தார். 1869இல் பெற்றோர், அக்காள் அரு, தோரு ஆகிய நால்வரும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினர். வங்காளப் பெண்கள் கடல் கடப்பது வியப்புக்குரிய செயலாகக் கருதப்பட்ட காலம் அது. பிரான்சின் நீஸ் நகரில் சகோதரியர் இருவரும் சில மாதங்கள் பள்ளியில் பயின்றனர். அங்கே பற்றிக்கொண்ட பிரெஞ்சு மொழிக் காதல் தோருவின் இறுதி நாள் வரை நீங்கவில்லை. பின்னர் இலண்டனிலும், 1871 முதல் கேம்பிரிட்ஜிலும் வாழ்ந்தனர். பெண்களுக்கென அந்நகரில் அப்போதுதான் தொடங்கியிருந்த உயர்கல்விச் சொற்பொழிவுகளுக்குச் சென்றனர். அங்கேதான் மேரி மார்ட்டின் என்னும் பெண்ணின் நட்புக் கிடைத்தது. அவர் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகள்.

1873இல் குடும்பம் கல்கத்தா திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களில் அக்காள் அரு காசநோயால் மறைந்தார். மூன்று பிள்ளைகள் விளையாடிய வீட்டில் தோரு ஒருவரே எஞ்சினார்.

கடிதம் சென்ற வழி

அந்நாளில் ஒரு கடிதம் எவ்வாறு சென்றது என்பதை அறிந்தால்தான் இந்நட்பின் உழைப்பு விளங்கும். 1869 நவம்பரில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. 1870இல் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடையே இருப்புப்பாதை இணைந்தது. இவ்விரண்டும் தபாலின் பயணத்தைப் பெரிதும் சுருக்கின. அப்படியிருந்தும் கல்கத்தாவில் எழுதிய மடல் இங்கிலாந்தில் ஒருவர் கைக்குச் சேர மூன்று நான்கு வாரங்கள் ஆகும். மறுமொழி வர மேலும் அத்துணை வாரங்கள். இன்று கேட்ட கேள்விக்கு இரண்டு மாதம் கழித்தே விடை கிடைக்கும்.

நம் சென்னையிலோ அன்று துறைமுகமே இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் ஆழ்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் நம் கடலோர மக்கள் துடுப்பு வலித்துச் சென்று, மனிதரையும் சரக்கையும் தபால் மூட்டைகளையும் கரை சேர்ப்பர். துறைமுகத்தின் முதற்கல்லை வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் நாட்டினார். அங்கிருந்து அவர் சென்ற கல்கத்தாவில்தான், அப்போது பத்தொன்பது வயதான தோரு தோழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் பயணம் செய்யும் மடலில் எதை எழுதுவது? நாட்டுச் செய்தி வழியிலேயே பழையதாகிவிடும். அதைத் தந்தியும் செய்தித்தாளும் முந்திக்கொள்ளும். ஆனால் தோட்டத்தில் எந்தப் பழம் பழுத்தது, பூனைக்குட்டி என்ன குறும்பு செய்தது, நேற்றிரவு எந்த நூலைப் படித்து முடித்தோம் என்பவற்றை வேறு எவரும் முந்திச் சொல்ல இயலாது. எனவே தொலைவு மிகுந்த இடத்துக்குச் செல்லும் கடிதத்தில் அன்றாட வாழ்வே முதலிடம் பெறுகிறது. உடன் வாழ்பவரிடம் நாம் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிடுபவை அனைத்தும், தொலைவில் இருப்பவருக்குச் செய்திகளாகி விடுகின்றன.

மடல்களில் கண்ட வாழ்வு

நகர வீட்டை விடத் தோருவுக்கு மிகவும் பிடித்தது, நகரின் விளிம்பில் இருந்த பாக்மாரித் தோட்டவீடு. மா, புளி, மூங்கில், செவ்விலவு, தாமரைக் குளம் எனப் பசுமை சூழ்ந்த இடம். அத்தோட்டத்தைப் பற்றி அவர் ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார். கடிதங்களில் அது நாள்தோறும் மாறும் தோட்டமாகக் காட்சி தருகிறது. குதிரைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டிக் கொஞ்சியதும், பூனைகளின் நலத்தைத் தோழிக்குத் தவறாமல் தெரிவித்ததும், தந்தையோடு மாலையில் வண்டியில் உலா சென்றதும் அவற்றில் உண்டு. கூடவே புத்தகங்கள்: விக்தர் ஹியூகோ முதலான பிரெஞ்சு ஆசிரியர்களை அவர் ஆவலோடு படித்துத் தள்ளினார். 1875இன் இறுதியில் தந்தையும் மகளும் சேர்ந்து சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினர். எத்தனை பக்கம் முன்னேறினோம் என்ற கணக்கும் தோழிக்குச் சென்றது.

மகிழ்ச்சிக்கு நடுவே ஓர் ஏக்கமும் தொடர்ந்து ஒலிக்கிறது. கேம்பிரிட்ஜில் தெருவில் தன்னிச்சையாக நடந்தவர் அவர். கல்கத்தாவிலோ வீடும் தோட்டமுமே உலகம். ஐரோப்பாவை விட்டு வந்த பின் ஒரு விருந்துக்கும் சென்றதில்லை என்று எழுதுகிறார். பாட்டியைக் காண வரும் பெண்கள் தம்மைக் கண்டதும், திருமணம் ஆயிற்றா என்றே முதலில் கேட்கிறார்கள் என்று நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். படித்த நூல் எது, எழுதிய வரி எது என்று கேட்க அந்த வட்டத்தில் தந்தையைத் தவிர எவரும் இல்லை. ஆகவே அக்கேள்விகளைக் கேட்கும் ஒருவரை அவர் கடலுக்கு அப்பால் தேடினார். மீண்டும் இங்கிலாந்து செல்ல வேண்டும் என்ற எண்ணம் மடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அது நிறைவேறவே இல்லை.

ஒரு சொல்லைத் திருத்திய நட்பு

இக்கடிதங்களில் நம்மை மிகவும் நிறுத்திச் சிந்திக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. தம் நாட்டு மக்களைக் குறிப்பிடும்போது தோரு 'நேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாண்டு வந்தார். இங்கு வாழ்ந்த வெள்ளையர் இந்தியரை இழிவாகச் சுட்டப் பயன்படுத்திய சொல் அது. தோருவைச் சுற்றியிருந்த ஆங்கிலம் அனைத்திலும் அச்சொல்லே புழங்கியதால் அவர் நாவிலும் எழுதுகோலிலும் ஒட்டிக்கொண்டது. உன் நாட்டவரை நீயே ஏன் இப்படி அழைக்கிறாய் என்று கேட்டவர், இங்கிலாந்தில் இருந்த மேரி மார்ட்டின். தோரு அக்கண்டிப்பை நேர்மையானதென ஏற்றுக்கொண்டார். இனி அவர்களை 'நேட்டிவ்' என்று அழைக்காமல் கவனமாக இருப்பேன் என்று மறுமொழி தந்தார். அச்சொல்லைப் பயன்படுத்தியதற்கு வெட்கப்படுவதாகவும் எழுதினார்.

ஆளும் இனத்தைச் சேர்ந்த பெண், ஆளப்படும் இனத்துப் பெண்ணுக்கு அவளுடைய மதிப்பை நினைவூட்டினாள். நம் பகுதிக்கு அருகிலேயே ஒரு நகர்ப்புறம் முழுவதும் 'கறுப்பர் நகரம்' என்று அழைக்கப்பட்ட காலம் அது. ஜார்ஜ் டவுன் என்னும் பெயர் அதற்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சொல்லில் உள்ள இழிவை, அதனுள்ளேயே வாழ்பவர் பல வேளைகளில் உணர்வதில்லை. அன்புள்ள அயலார் ஒருவருடைய காதுக்கு அது உடனே உறுத்துகிறது.

அதன்பின் தோருவின் கடிதங்களில் கண்டனக் குரல் தெளிவாகவே கேட்கிறது. வெள்ளையரின் கையால் இந்தியர் உயிரிழந்தும் குற்றவாளிகள் அற்பத் தண்டனையோடு தப்பியதை அவர் சினத்தோடு தோழிக்கு எழுதினார். இந்திய உயிர் ஆங்கில நீதிபதியின் கண்ணில் எவ்வளவு மலிவு என்று மனம் நொந்தார். அவர் மிகைப்படுத்தவில்லை. ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடித்தார், அவர் இறந்தார். விதிக்கப்பட்ட அபராதம் 30 ரூபாய். 1876இல் வைஸ்ராய் லிட்டனே அத்தீர்ப்பைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று. வீட்டை விட்டு அதிகம் வெளிவராத ஓர் இளம்பெண் நாட்டின் நீதியை எடைபோட்டுத் தொலைவில் உள்ள ஆங்கிலத் தோழிக்கு எழுதத் துணிந்தார் என்றால், அவ்வாறு பேச இடம் தந்தது அந்த நட்பே.

காணாத தோழியும் கடைசி ஆண்டும்

1876இல் தோருவின் முதல் நூல் கல்கத்தாவின் பவானிப்பூரில் அச்சாயிற்று. பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதி அது. மறைந்த அக்காள் அருவின் மொழிபெயர்ப்புகள் சிலவும் அதில் இடம்பெற்றன. அழகற்ற அச்சில் வந்த அச்சிறு நூல் இலண்டனில் எட்மண்ட் காஸ் என்னும் திறனாய்வாளரின் கைக்குக் கிடைத்தது. அவர் வியந்து மதிப்புரை எழுதினார்.

1877 தொடக்கத்தில் தோரு மற்றொருவருக்கும் கடிதம் எழுதினார். பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றிப் பிரெஞ்சில் நூல் இயற்றிய கிளாரிஸ் பாதேர் என்னும் அறிஞர் அவர். நூலை ஆங்கிலத்தில் பெயர்க்க இசைவு கேட்டதில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து, ஒரு சில திங்களிலேயே உள்ளன்பாக வளர்ந்தது. இருவரும் நிழற்படங்களைப் பரிமாறிக்கொண்டனர். நேரில் சந்திக்கவே இல்லை. பேனா நட்பு என்று நாம் பிற்காலத்தில் அழைத்ததன் முழு வடிவம் இதுவே.

ஆனால் அக்காளைக் கொண்டுபோன காசநோய் தங்கையையும் பற்றியிருந்தது. 1877 ஆகஸ்டு 30ஆம் நாள், 21 வயதில், தோரு இறைவனடி சேர்ந்தார். அந்நோய்க்குக் காரணமான கிருமியை இராபர்ட் கோக் கண்டறிந்தது 1882இல்தான். தோரு பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1956இல், நம் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளரும் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைய முடியும் என்று அம்மையம் 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது. அந்த மருந்து இல்லாத நூற்றாண்டில் பிறந்தவர்கள் அரு, தோரு சகோதரியர்.

மறைந்த மகளின் தாள்களில் பிரெஞ்சு மொழியில் எழுதிய புதினம் ஒன்றைத் தந்தை கண்டெடுத்தார். பாதேர் முன்னுரை எழுத, அது 1879இல் பாரிசில் வெளிவந்தது. இராமாயண, பாரதக் கதைகளைக் கொண்ட ஆங்கிலக் கவிதைத் தொகுதி 1882இல் இலண்டனில் வெளிவந்தது. சிறுவயதில் உடன்பிறந்தாரோடு விளையாடிய சவுக்கு மரத்தை நினைந்து தோரு எழுதிய புகழ்பெற்ற கவிதை அத்தொகுதியில் உள்ளது. எண்ணூர்க் கடற்கரையின் சவுக்குத் தோப்புகளில் காற்றோசை கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அம்மரத்தின் குரலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

கடிதங்களோ மேரி மார்ட்டினிடமே இருந்தன. ஹரிஹர் தாஸ் என்னும் வங்காளர் தோருவின் வாழ்க்கை வரலாற்றை எழுத முயன்றபோது, அவர் அவற்றை அளித்தார். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் நூலை வெளியிட்டது. தோழி மறைந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மற்றொரு மடல்

இதைப் படிக்கையில் வேறு இரு சகோதரியர் நம் நினைவுக்கு வருகின்றனர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டான்வில் என்னும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் மாணவியருக்கு வெளிநாட்டுத் தோழியரைத் தேடித் தந்தார். அவ்வாறு 1940 ஏப்பிரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து இரு கடிதங்கள் சென்றன. எழுதியவர்கள் 14 வயது மார்கோ ஃபிராங்க்கும், அவருடைய 10 வயதுத் தங்கை ஆன் ஃபிராங்க்கும். ஆன் தம் பள்ளியைப் பற்றியும், தாம் சேர்த்து வைத்துள்ள அஞ்சலட்டைகளைப் பற்றியும் எழுதினார். மார்கோவோ, ஜெர்மனியை எல்லையாகக் கொண்ட சிறு நாட்டில் வாழும் எங்களுக்குப் பாதுகாப்பு உணர்வே இல்லை என்பதையும் ஒரு வரியில் தெரிவித்தார். மே 10ஆம் நாள் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. அத்தோடு கடிதங்கள் நின்றன. போர் முடிந்த பின் அமெரிக்கச் சகோதரியர் விசாரித்து எழுதியபோது, தந்தை ஓட்டோ ஃபிராங்க் ஒருவரே மறுமொழி எழுத உயிரோடிருந்தார்.

ஆன் பின்னாளில் மறைவிடத்தில் எழுதிய நாட்குறிப்பும், 'கிட்டி' என்னும் கற்பனைத் தோழிக்கு எழுதும் மடல்களாகவே அமைந்தது. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று எண்ணினால்தான் ஓர் இளம்பெண்ணுக்குத் தன் நாள் சொல்லத்தக்கதாகத் தோன்றும் போலும்.

எழுதப்படாத பெண்கள்

தோரு இறந்த அதே 1877இல் நம் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் உழன்றுகொண்டிருந்தது. நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக அவ்வாண்டுகளில்தான் வெட்டப்பட்டது. அங்கு மண் சுமந்தவர்களில் தோருவின் வயதையொத்த பெண்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு எழுத்து இல்லை; தாள் இல்லை; மேரி மார்ட்டினும் இல்லை. அவர்களுடைய ஒரு நாள் எப்படி விடிந்தது, எப்படி முடிந்தது என்பதை நாம் இனி ஒருபோதும் அறியப்போவதில்லை.

பங்கு ஏடுகளைப் புரட்டும் பணி எமக்கு உண்டு. ஒரு பெண் அவற்றில் மூன்று முறை தோன்றுகிறாள்: திருமுழுக்கில், திருமணத்தில், அடக்கத்தில். பெயர், பெற்றோர், நாள், ஞானப்பெற்றோர் அல்லது சாட்சிகள், அவ்வளவே. இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் வலை பழுது பார்த்தாளா, தண்ணீர்க் குழாயடியில் நின்றபடி பாடம் படித்தாளா, ஆலைச் சங்கின் ஒலியில் எழுந்து தம்பிகளுக்குச் சோறு பொங்கினாளா என்பதை ஏடு சொல்வதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவை கடிதங்களே. கப்பலில் வேலைக்குப் போனவர்களுக்கும், வளைகுடா நாடுகளில் உழைத்தவர்களுக்கும், இராயபுரம் முதல் எண்ணூர் வரை எத்தனை மகள்கள் எழுதியிருப்பார்கள்! 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி இப்பகுதியில் குடியேறிய குடும்பங்கள், அங்கேயே தங்கிவிட்ட உறவினருக்கு எத்தனை மடல் வரைந்திருப்பார்கள்! பின்னர் வார இதழ்களின் பேனா நண்பர் பகுதியைப் பார்த்து, நீலநிற வான்கடிதங்களில் முன்பின் அறியாத தோழியருக்கு எழுதிய பள்ளி மாணவியரும் நம் தெருக்களில் இருந்தனர்.

அவற்றுள் பல அழிந்தன. வீடு மாறும்போது பழைய தாள் என்று எறியப்பட்டவை உண்டு. மழைநீரில் நனைந்தவை உண்டு. பெண்ணுக்கு எதற்குக் கடிதம் என்று பிரித்துப் படித்துக் கிழிக்கப்பட்டவையும் உண்டு. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோவின் சுந்தர் தத் தம் மகளின் எழுத்தைக் காத்தார், அச்சேற்றினார், அவளோடு அமர்ந்து புதிய மொழி கற்றார். அவரைப் போன்ற தந்தையர் அன்றும் சிலரே. இன்றும் பலர் அல்லர்.

இன்று திருவொற்றியூரில் உள்ள பெண் பிள்ளை ஒரு நொடியில் உலகின் மறுகோடிக்குச் செய்தி அனுப்புகிறாள். அத்திரையின் மறுபுறம் இருப்பவர் யார் என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு, விழிப்பும் தேவை. ஆனால் அவள் ஏன் தொலைவில் ஒருவரைத் தேடுகிறாள் என்றும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். தோருவின் உறவினர் திருமணத்தைப் பற்றி மட்டுமே கேட்டனர். நம் வீட்டில் பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமே கேட்கிறோமோ? இன்று என்ன படித்தாய், எதைக் கண்டு சிரித்தாய், எது உன்னைச் சினங்கொள்ளச் செய்தது என்று கேட்க வீட்டிலேயே ஒருவர் இருந்தால், வெளியே அவள் தேடும் நட்பும் நல்லதாகவே அமைய வழி உண்டு.

மேலும் ஒன்று. நம் இல்லங்களின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் சில கடிதங்கள் எஞ்சியிருக்கும். பாட்டியின் கையெழுத்தோ அத்தையின் கையெழுத்தோ அதில் இருக்கும். அவற்றில் பெரிய செய்தி எதுவும் இராது. கோழி முட்டையிட்டதும், மீன் விலை ஏறியதும், மாதாக் கோவில் தேருக்குப் புதுப் பாவாடை எடுத்ததும் இருக்கும். அதனால் அவற்றைக் குப்பையில் சேர்த்துவிட வேண்டாம். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் குறித்து, உடன் கட்டி, ஈரம் படாமல் வையுங்கள். மேரி மார்ட்டின் நூல் எதுவும் எழுதிப் புகழ் பெற்றவர் அல்லர். தோழி எழுதிய மடல்களை அவர் எறியாமல் வைத்திருந்தார். அதனால்தான் பாக்மாரித் தோட்டத்துப் பூனைகளின் குறும்பு வரை இன்று நமக்குத் தெரிந்திருக்கிறது.